கழுவெளி: நாரையின் வீடும் நம் வீடும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் பெருமைகளைச் சொல்லித் தொடங்குவது வழக்கம். அண்ணன் உயிரோடு இருந்து இந்த அவையின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால், அந்தப் பகுதி முடியும்வரை வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்திருப்பார். அதனால் அவர் என்னிடம் கேட்ட, நான் பதில் சொல்லாமல் வைத்திருந்த ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இந்த உரை முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான். தாமதமான பதில்.

சில ஆண்டுகளுக்கு முன்பு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். பறவைகளின் வாழ்விடம் எப்படிச் சுருங்கியது என்பதுதான் பொருள். அதில் ஒரு வரி இருந்தது. சதுப்பைச் சுற்றியுள்ள 'ஆக்கிரமிப்புகளை'ப் பட்டியலிட்ட வரி. குப்பைக் கிடங்கு, சாலைகள், கணினி நிறுவனங்களின் கட்டடங்கள் என்று எழுதிக்கொண்டே வந்து, அதே வரியில் மறுகுடியமர்வுக் குடியிருப்புகள் என்றும் எழுதியிருந்தேன். அண்ணன் அதைப் படித்துவிட்டுப் போன் செய்தார். வாழ்த்தும் இல்லை, திட்டும் இல்லை. "நம்மாளு வீட்ட இடிக்கும்போது வராத கண்ணீரு நாரைக்கு வருதாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. கடைசிவரை பதில் மட்டும் வரவில்லை.

*

நான் அந்தக் கழுவெளியின் தெற்கோரத்துச் சேரி ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் என்று இன்று எல்லோரும் சொல்வதை எங்கள் ஊரில் கழுவெளி என்றுதான் சொல்வோம். கோரை அறுப்பதும் மீன் பிடிப்பதும் நத்தை பொறுக்குவதும் அங்கேதான். வயல்வேலை இல்லாத நாட்களில் எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது என்றால் அது கழுவெளி கொடுத்தது.

என் ஆயா என்னைக் கூடவே கூட்டிக்கொண்டு போகும். தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு தூரத்தில் பார்க்கும். நத்தைகுத்தி நாரைகள் எங்கே நிற்கின்றன என்று பார்க்கும். "நாரை எறங்குற எடத்துல எடு. அது எறங்காத தண்ணியில கைய வைக்காத" என்று சொல்லும். எனக்குச் சொல்லப்பட்ட முதல் சூழலியல் பாடம் அதுதான். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் முதுகலை படித்தபோதுகூட அதைவிடத் தெளிவான ஒன்றை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

நத்தைகுத்தி நாரையின் அலகைப் பார்த்திருப்பீர்கள். வாயை மூடினாலும் மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவில் ஒரு சந்து தெரியும். குஞ்சாக இருக்கும்போது அந்தச் சந்து இருக்காது. வளர வளரத்தான் உருவாகிறது. ஓட்டுக்குள் ஒளிந்திருக்கும் நத்தையை வெளியே எடுப்பதற்கேற்ற அலகு அது. எங்கள் ஆயாவிடம் இருந்தது ஒரு வளைந்த ஊசி. இருவருக்கும் வேலை ஒன்றுதான், உணவும் ஒன்றுதான்.

பள்ளிக்கூடத்தில் என்னை நத்தை தின்னி என்று கூப்பிட்டார்கள். ஒரு ஆசிரியரே அப்படிக் கூப்பிட்டார். எனக்குப் பல காலம் வரை நாரையைப் பிடிக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். நான் தின்றால் இழிவாக இருக்கிற அதே நத்தையை நாரை தின்றால் பாடப்புத்தகத்தில் உணவுச் சங்கிலி என்று படம் போடுகிறார்கள். சாதி என்பது மனிதர்களை மட்டும் பிரித்துவைக்கும் ஏற்பாடு இல்லை. எந்த உயிர், எந்த உணவு, எந்த நிலம் மதிப்புள்ளது, எது கழிவு என்று வகை பிரித்து வைக்கும் ஏற்பாடும் அதுதான்.

*

அந்த வகைபிரிப்பு அரசின் பதிவேட்டுக்குள் எப்படிப் போனது என்பதைப் பார்ப்போம்.

தென்சென்னையின் இந்தச் சதுப்பு ஒரு காலத்தில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் பரந்திருந்தது. சுற்றியுள்ள சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் மழைநீர், ஏரி ஏரியாக நிரம்பி வழிந்து கடைசியில் இங்கே வந்து சேரும். தேங்கி, பரவி, தெளிந்து, ஒக்கியம் மடு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்க் கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொடும். மழைக்காலத்தில் ஏரிபோல இருக்கும். கோடையில் பாதி சேறும் பாதி வெடித்த தரையுமாகக் கிடக்கும்.

இப்படி ஆறு மாதம் நீராகவும் ஆறு மாதம் நிலமாகவும் இருக்கும் ஒன்றை வரி வசூலிக்கும் பதிவேட்டால் புரிந்துகொள்ள முடியவில்லை. தீர்வை தராத நிலம் புறம்போக்கு ஆனது, பயனற்ற தரிசு ஆனது. நத்தை எடுத்தவளுக்கும் கோரை அறுத்தவருக்கும் பட்டா இல்லை. ஆகவே அங்கே யாருமே இல்லை என்று எழுதப்பட்டது.

யாருமே இல்லாத இடத்தில் எதையும் கொட்டலாம். பெருங்குடிப் பக்கத்தில் மாநகரக் குப்பை வந்து விழத் தொடங்கியது. பிறகு சதுப்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கத்துக்குச் சாலை போனது. பறக்கும் ரயில் நிலையம் வந்தது. மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்கள் வந்தன. பழைய மாமல்லபுரம் சாலை நெடுகக் கணினி நிறுவனங்கள் வந்தன. 2007இல் எஞ்சியதில் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் சுமார் 1,247 ஹெக்டேர் ராம்சார் தலமாக உலகப் பட்டியலில் ஏறியது. அந்த 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில்தான் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. உலக முக்கியத்துவமும் குப்பைப் புகையும் ஒரே இடத்தில், ஒரே ஆண்டில்.

*

வாழ்விடம் அழிகிறது என்கிறோம். அது அழியும்போது உயிர்களுக்கு உண்மையில் என்ன நடக்கிறது? பறவைகள் கூட்டமாகச் செத்து விழுவதில்லை. அப்படி விழுந்தால் செய்தியாவது வரும். நடப்பது வேறு.

சதுப்பில் இரை தேடும் பறவைகளின் கால்களைக் கவனியுங்கள். சிறு உள்ளானுக்குக் கால் குட்டை. அது ஈரச்சேற்றில் மேயும். நெடுங்கால் உள்ளான் கணுக்கால் அளவுத் தண்ணீரில் நிற்கும். நாரையும் பூநாரையும் இன்னும் ஆழத்தில் நிற்கும். கூழைக்கடா நீந்தும். ஒரே சதுப்பில் இத்தனை வகைகள் அடித்துக்கொள்ளாமல் வாழ்வதற்குக் காரணம், அங்கே இத்தனை வகை ஆழங்கள் இருப்பதுதான். கோடையில் தண்ணீர் மெல்ல வற்றும்போது ஒவ்வொரு வகைக்கும் அதனதன் சேறு கிடைக்கும்.

சுற்றியுள்ள பகுதிகளின் கழிவுநீர் ஆண்டு முழுவதும் வந்துகொண்டே இருந்தால் இந்த வற்றுதல் நின்றுபோகிறது. பார்ப்பவருக்குத் தண்ணீர் நிறைந்திருப்பதுபோல் தெரியும். ஆனால் சேறு போய்விட்டது, சேற்றை நம்பியிருந்த பறவைக்கு இடம் போய்விட்டது. கழிவின் சத்தில் ஆகாயத்தாமரை படர்ந்து மூடும். அடியில் வெளிச்சம் இல்லை, தண்ணீரில் உயிர்வளி குறையும். வெளிக்காற்றையும் சுவாசிக்கத் தெரிந்த விரால் போன்ற மீன்கள் தாக்குப்பிடிக்கும். அது தெரியாத சிறுமீன்கள் போய்விடும். குப்பைமேட்டின் வடிநீர் கறுப்பாக இறங்கும். மேட்டைச் சுற்றிப் பருந்தும் காக்கையும் உண்ணிக்கொக்கும் பெருகும். நாய்கள் பெருகும். தரையோரம் முட்டையிடும் பறவைகளின் முட்டைகள் அந்த நாய்களுக்குப் போகும்.

நீளவால் இலைக்கோழி என்று ஒரு பறவை. நீண்ட விரல்களால் தாமரை, அல்லி இலைகள்மீது நடந்துபோகும். மிதக்கும் இலைகளின் மேலேயே நான்கு முட்டைகள் இடும். முட்டையிட்டதும் பெண் போய்விடும். அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பது ஆண். நம் வீட்டு ஆண்களுக்கு இதை நான் அடிக்கடி நினைவூட்டுவதுண்டு. ஆனால் இங்கே அதன் கூட்டைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். தண்ணீரோடு தண்ணீராக மிதக்கும் கூடு அது. நீர்மட்டம் படிப்படியாக ஏறினால் கூடும் ஏறும். வடிகால்கள் அடைபட்டு ஓர் இரவில் வெள்ளம் எகிறினால் கூடு போய்விடும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் பறவை அங்கேதான் இருக்கிறது. அடுத்த தலைமுறைதான் இல்லை.

அப்படியென்றால் வாழ்விடம் என்பது வெறும் இடம் இல்லை. சரியான நேரத்தில் சரியான அளவு தண்ணீர், பக்கத்தில் உணவு, குஞ்சு வளர்க்கும் அளவுக்கு அமைதி, ஆபத்து வந்தால் ஒதுங்க இன்னோர் இடம் என இவை எல்லாம் சேர்ந்த ஏற்பாடு. அதில் ஒன்றை உருவிவிட்டால் இடம் இருக்கும், வாழ்வு இருக்காது.

*

இந்த வரியை எழுதும்போதுதான் அண்ணனின் கேள்வி எனக்குப் புரியத் தொடங்கியது.

2000ஆம் ஆண்டு முதல் சென்னையின் ஆற்றோரங்களிலும் கால்வாய் ஓரங்களிலும் சாலையோரங்களிலும் வாழ்ந்த நம் மக்கள் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும், பிறகு பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் விடப்பட்டார்கள். அப்படிப் போனவர்களில் பெரும்பகுதி யார் என்று இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி, பல பத்தாயிரம் வீடுகள். அவை எங்கே கட்டப்பட்டன? அந்தக் கழுவெளியின் ஓரத்திலும் அதன் வெள்ளப் படுகையிலும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரை மக்களின் குடிசைகள் போயின. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி அவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அதே வெள்ளத்தில் செம்மஞ்சேரியும் கண்ணகி நகரும் தண்ணீரில் நின்றன என்பதை அனுப்பியவர்கள் அறிவார்கள். ஆற்றின் வெள்ளத்திலிருந்து சதுப்பின் வெள்ளத்துக்கு மாற்றினார்கள். பாதி ஆண்டில் பள்ளியை விட்டுப்போன பிள்ளைகள், வீட்டுவேலைக்குப் போய்வந்த தெருக்கள் எட்டாத தூரமாகிப்போன பெண்கள், கழுவெளி ஓரத்துக் கண்ணாடி விரியனுக்குப் பயந்து டார்ச் இல்லாமல் இரவில் இறங்காத குடும்பங்கள் என்று அங்கே நான் பார்த்தவை ஏராளம். விரியன் அவர்கள் வீட்டுக்கு வரவில்லை. விரியனின் வீட்டில் அவர்களைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் குடியிருப்புகளைக் கட்டிய குடிசை மாற்று வாரியத்துக்கு 2021இல் பெயர் மாற்றினார்கள். தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். பறவையைப் பற்றிப் பேசும்போது நாம் பயன்படுத்தும் அதே சொல், வாழ்விடம். சொல் சரியான சொல்தான். பக்கத்தில் வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளி, அவசரத்துக்கு மருத்துவமனை, அழைத்தால் வரும் சொந்தம் என எல்லாம் சேர்ந்தால்தான் அது வாழ்விடம். முன்னூறு சொச்சம் சதுர அடியும் ஒரு சாவியும் மட்டும் வாழ்விடம் ஆகாது. இலைக்கோழிக்கு இலையை மட்டும் கொடுத்துவிட்டுத் தண்ணீரை எடுத்துக்கொள்வது போன்றது அது.

மனிதரைப் பறவையோடு ஒப்பிடுகிறாயா என்று யாராவது கேட்கலாம். கேட்க வேண்டும். நம்மை விலங்குக்குச் சமமாக அல்ல, விலங்குக்கும் கீழே வைத்த சமூகம் இது. 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் பாபாசாகேப் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். ஆடு மாடுகள் குடிக்கலாம், நாம் குடிக்கக் கூடாது என்றிருந்த குளம். குடித்த பிறகு சாதி இந்துக்கள் அதைத் தீட்டுக் கழித்தார்கள். எதைக் கொண்டு? மாட்டுச் சாணத்தையும் கோமியத்தையும் கலந்து ஊற்றி. அந்த நினைவு நம் உடம்பில் இருக்கிறது. அதனால்தான் யாராவது வாயில்லா ஜீவன் என்று உருகும்போது நமக்குச் சந்தேகம் வருகிறது. அண்ணனின் கேள்வியிலும் அந்தச் சந்தேகம்தான் இருந்தது. அது நியாயமான சந்தேகம்.

ஆனால் மகாத்தில் பாபாசாகேப் ஆடு மாடுகளைக் குளத்திலிருந்து விரட்டச் சொல்லவில்லை. பொதுக்குளம் எல்லோருக்கும் பொது என்றார். அந்த நியாயத்தைத்தான் கழுவெளிக்கும் கொண்டுவர முயல்கிறேன். நாரைக்கா, நமக்கா என்ற கேள்வியை நாம் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை நம் முன்னால் வைத்தவர்கள் சாலையையும் கண்ணாடிக் கட்டடங்களையும் கட்டி முடித்துவிட்டு, எஞ்சிய ஓரத்தில் நம்மையும் நாரையையும் எதிரெதிரே நிறுத்தியவர்கள்.

*

இதே செங்கல்பட்டுச் சீமையில் இன்னும் இரண்டு வரலாறுகள் இருக்கின்றன.

ஒன்று வேடந்தாங்கல். அந்த ஏரிக்கு வரும் பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊரார் எடுத்த நிலையை 1798இலேயே கம்பெனியின் ஆட்சியர் லயனல் பிளேஸ் எழுத்துப்பூர்வமாக ஏற்றார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம். ஏரியிலும் வயலிலும் உரிமை இருந்தவர்கள் பறவையைக் காத்தார்கள். அவர்களைக் குறைசொல்ல எதுவும் இல்லை. ஆனால் அதிலிருந்து நாம் கற்க வேண்டியது பக்தியை அல்ல, உரிமையை. உரிமை இருந்த இடத்தில் காவல் இருந்தது. கழுவெளியில் ஆயாவுக்கு அறிவு இருந்தது, உழைப்பு இருந்தது, உரிமை மட்டும் இல்லை. காப்பாற்று என்று சொல்ல அவளுக்கு ஒரு காகிதம்கூட இல்லை.

இன்னொன்று பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் பறையர்களின் நிலையைப் பற்றி 1891இல் எழுதிய அறிக்கைக்குப் பிறகு, 1892இல் நிலம் ஒதுக்க ஆணை வந்தது. தரிசாகக் கிடந்த நிலங்கள் ஒதுக்கப்பட்டன. கொடுத்த தரிசை நம் முன்னோர் விளைநிலமாக்கியதும் அது கைமாறிப் போனது. 1994இல் காரணை நிலத்துக்கான போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். அன்று யாருக்கும் வேண்டாத தரிசைக் கொடுத்தார்கள், மதிப்பு வந்ததும் பறித்தார்கள். நூறாண்டு கழித்து யாருக்கும் வேண்டாத சதுப்பில் வீடு கொடுத்தார்கள். இப்போது சதுப்புக்கும் மதிப்பு வந்துவிட்டது. ராம்சார் என்ற பெயர் வந்துவிட்டது. நாளை அதன் எல்லையைச் சொல்லி முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்? கண்ணாடிக் கட்டடத்தின் கதவையா, கண்ணகி நகரின் கதவையா? என் கட்டுரையின் அந்த ஒரு வரி யாருடைய கையில் ஆயுதமாகப் போயிருக்கும் என்பதைத்தான் அண்ணன் எனக்குக் காட்டினார்.

*

ஆகவே என் பதிலைச் சொல்கிறேன்.

அண்ணா, நாரைக்கு வருவதும் நம்மாளுக்கு வருவதும் ஒரே கண்ணீர்தான். ஏனென்றால் இரண்டு வீட்டையும் இடித்த கை ஒன்று. ஆனால் என் கட்டுரையில் அந்தக் கையைச் சுட்டாமல், இடிபட்டவரையே இடித்தவர் பட்டியலில் சேர்த்தேன். அது தவறு. இந்த அவையில் அதைத் திரும்பப் பெறுகிறேன்.

திரும்பப் பெற்றால் மட்டும் போதாது. நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. சதுப்பிலும் அதன் வெள்ளப் படுகையிலும் இனிமேல் யாருக்காகவும், நமக்காகவும்கூட, வீடு கட்டக் கூடாது. ஆற்றோர மக்களுக்கு மாற்று வீடு தேவையென்றால் அவர்கள் வேலை செய்யும் அதே பகுதியில் தர வேண்டும். ஏற்கெனவே கொண்டுவந்து விடப்பட்டவர்களை ஆக்கிரமிப்பாளர் என்று எந்த ஆவணத்திலும் எழுதக் கூடாது. அவர்களுக்கு வடிகாலும் பள்ளியும் மருத்துவமனையும் முழுமையாக வேண்டும். சதுப்பை நிர்வகிக்கும் குழுக்களில் கழுவெளியோரச் சேரிகளின் பெண்களும், மறுகுடியமர்வுக் குடியிருப்பின் இளைஞர்களும், குப்பைமேட்டில் தரம்பிரித்து வாழ்ந்த தொழிலாளர்களும் உறுப்பினர்களாக இருக்க வேண்டும். குப்பைமேட்டை அகற்றும்போது அந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து அகற்றிவிடக் கூடாது. அவர்களின் வேலைக்கு உறுதி வேண்டும்.

எழுத்தாளர்களுக்கும் ஒன்று. நம் தலித் இலக்கியத்தில் சேரி இருக்கிறது, வயல் இருக்கிறது, சுடுகாடு இருக்கிறது. கழுவெளி குறைவாகவே இருக்கிறது. எத்தனை வகை நத்தை, எந்த மாதத்தில் எந்தக் கோரை, எந்தப் பறவைக்கு நம் சேரியில் என்ன பெயர் என்பதெல்லாம் நம் ஆயாக்களோடு போய்க்கொண்டிருக்கிறது. அந்த அறிவுக்கு யாரும் பட்டம் தரவில்லை. நத்தை தின்னி என்று பட்டப்பெயர்தான் தந்தார்கள். அதை வெட்கமில்லாமல் எழுதுங்கள். நான் வெட்கப்பட்டுத் தொலைத்த ஆண்டுகள் போதும்.

சென்ற மார்கழியில் கண்ணகி நகர்ப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேரைக் கழுவெளி ஓரத்துக்குக் கூட்டிப் போனேன். அவர்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் தூரம். ஆனால் யாரும் அவர்களை அங்கே கூட்டிப்போனதில்லை. ஒரு சிறுமி தூரத்தில் நின்ற நாரைகளைக் காட்டி, "அக்கா, அதுங்கள இங்கேர்ந்து எங்க அனுப்பப் போறாங்க?" என்று கேட்டாள். அவள் பிறந்தது அடையாற்றங்கரையில். ஓர் உயிர் ஓர் இடத்தில் நின்றால், அதை வேறெங்கோ அனுப்பிவிடுவார்கள் என்பதுதான் அவள் கற்ற பாடம்.

நாரை எறங்குற எடத்துல எடு என்ற ஆயாவின் பாடத்தை அவளுக்குச் சொன்னேன். இப்போதிருக்கும் தண்ணீரில் கையை வைக்கச் சொல்லும் துணிச்சல் எனக்கு வரவில்லை. அவள் பயமில்லாமல் கை வைக்கும் தண்ணீர், நாரை பயமில்லாமல் இறங்கும் தண்ணீராகத்தான் இருக்க முடியும். அந்தத் தண்ணீருக்காகப் போராடுவது நம் வேலைதான் அண்ணா.